கீழ் ஓரத்தில் ஒரு பெயர்

ஆடி வெள்ளியன்று படவேடு ரேணுகாம்பாள் கோயிலில் வரிசை நகரவே நகராது. வேப்பிலை வாசனையோடு நின்றுகொண்டே இருப்போம். அம்மன் முகம் தெளிவாகக் கிடைப்பது கற்பூரம் எரியும் சில நொடிகளுக்குத்தான். பழைய சாமி படங்களைச் சேர்க்கத் தொடங்கிய பிறகு, அந்த நிற்றலே பாதி வழிபாடு என்று எனக்குப் படுகிறது.

1966, 67-இல் சான் பிரான்சிஸ்கோவில் ராக் கச்சேரிகளுக்குச் சுவரொட்டி வரைந்தவர்களும் வழிப்போக்கரை நிற்க வைத்தார்கள். வெஸ் வில்சனின் எழுத்துகள் தீச்சுடர் போல நெளியும். அவசரக்காரரால் படிக்க முடியாது. யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் ஆல்பர்ஸிடம் நிறம் பயின்ற விக்டர் மொஸ்கோசோ, சம பிரகாசமுள்ள இரு எதிர் நிறங்களை ஒட்டி வைப்பார். ஓரங்கள் துடிக்கும்.

ஆரணித் தறிக்காரருக்கு இது புதிதல்ல. நீலப் பாவில் பச்சை ஊடை ஓட்டினால் மயில் கழுத்து. அந்தப் புடவையை மடியில் போட்டு மெல்லச் சாய்த்துப் பாருங்கள். மடிப்பின் மேட்டில் பச்சை, பள்ளத்தில் நீலம், நடுவே பெயர் சொல்ல முடியாத ஒன்று. எந்த இழையும் தன் நிறத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனாலும் மூன்றாவது ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. தியானத்துக்கு எனக்கு இது போதும்.

அந்த நாட்களின் ராக் உலகம் நம் சாமி படங்களையும் தொட்டது. 1967 டிசம்பரில் வந்த, ராக் கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் ‘ஆக்ஸிஸ்: போல்ட் ஆஸ் லவ்’ இசைத்தட்டின் அட்டைக்கு மூலம், நம் கடைத்தெருவில் விற்ற விஸ்வரூபப் படம்.

கடைத்தெருப் படங்களை எழுதியவர்களில் என் மனத்துக்கு நெருக்கமானவர் 1898-இல் பிறந்த சி. கொண்டையராஜு. திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் இருந்தவர். பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதி, கோவில்பட்டியில் நிலைத்து, சீடர்களோடு தெய்வங்களை வரைந்தார். அவை காலண்டர்களாக அச்சாகி வீடுவீடாகப் போயின.

அவருடைய மீனாட்சி கல்யாணம் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஓரம் செல்லரித்திருக்கிறது. அம்மன் நெற்றியில் யாரோ தினமும் வைத்த குங்குமம் தாளோடு ஒன்றிவிட்டது. “தொடச்சுத் தரட்டுங்களா?” என்றார் பழைய சாமான் கடைக்காரர். வேண்டாம் என்றேன். ஒரு வீட்டில் ஒருத்தர் தினமும் இதன் முன் நின்றார் என்பதற்கு அந்தச் சிவப்பு ஒன்றுதான் சாட்சி.

தை பிறந்து பழைய காலண்டரைக் கழற்றும்போது, ஒரு நிமிடம் நின்று படத்தின் கீழ் ஓரத்தைப் பாருங்கள். ஓவியர் பெயர் இருந்தால், வாய்விட்டு ஒருமுறை படியுங்கள்.