பெயரும் திருநாளும்

மனிதனுக்கு இட்ட பெயர் அவனுடைய இயல்போடு ஒட்டிப் பிறந்ததா, அல்லது ஊரார் கூடி ஒப்புக்கொண்டதனால் மட்டுமே நிலைப்பதா என்னும் விசாரம் கிரேக்க நாட்டில் மிகப் பழமையானது. பிளேட்டோ இயற்றிய ‘கிராட்டிலஸ்’ என்னும் உரையாடலில் இந்த வழக்கே விசாரணைக்கு வருகிறது. ஹெர்மிஸ் தேவனுக்குப் பிறந்தவன் என்று பொருள்படும் ஹெர்மோஜெனிஸ் என்ற பெயரை உடைய ஒருவனிடம், ஊரெல்லாம் அப்படி அழைத்தாலும் அது உன் பெயரே அன்று என்று கிராட்டிலஸ் சாதிக்கிறான். வணிகத்துக்கும் இலாபத்துக்கும் அதிதேவதையான ஹெர்மிஸின் மகனாக இருந்தும் உன் கையில் காசு தங்குவதில்லையே, அதைத்தான் பரிகாசம் செய்கிறான் என்று ஸோக்ரதர் விளக்குகிறார். பரிகாசத்தில் தொடங்கிய பேச்சு நெடுந்தூரம் சென்று, முடிந்த முடிபு எதையும் சொல்லாமலே நின்றுவிடுகிறது. அந்த வழக்கை மீண்டும் எடுத்து ஆராய்வதற்கு, இன்று கிரேக்க நாட்டிலேயே அரிதாகிவிட்ட ஒரு பெண்பெயரைவிடச் சிறந்த சான்று கிடைப்பது கடினம். அப்பெயர் ஹைபேஷியா, இன்றைய கிரேக்கர் அதனை இபதீயா என்று உச்சரிக்கின்றனர்.

பொருளைப் பார்த்தால் அது மிகப் பெரிய பெயர். எல்லாவற்றுக்கும் மேலானவள், உன்னதமானவள் என்பது அதன் அர்த்தம். அதன் வேராகிய அடைமொழியைக் கிரேக்கர் தேவர்களின் அரசனாகிய ஸீயஸுக்குச் சூட்டி வழிபட்டனர்; ரோமாபுரியின் ஆட்சி வந்தபின், ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பெற்ற கான்சல் என்னும் உயர்ந்த அதிகாரியையும் அதே சொல்லால் குறித்தனர். அவர்களுடைய யாழில் மேலிருந்த நரம்புக்கும் இதே பெயர்தான். ஆனால் இடத்தால் மேலானதாயிருந்த அந்த நரம்பு எழுப்பியது சுருதியில் எல்லாவற்றுக்கும் கீழான ஸ்வரத்தை.

இப்பெயரைத் தாங்கியவர்களுள் சரித்திரம் மறவாதவள், நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிறந்து, எகிப்து தேசத்து அலெக்ஸாந்திரியா நகரில் கணிதமும் தத்துவமும் போதித்த மாதரசி. அவளுடைய தந்தை தியோன் பெயர்பெற்ற கணித வித்துவான். வான சாஸ்திரத்தில் டாலமி எழுதிய பெருநூலுக்கு அவர் கண்ட உரையில், மூன்றாம் பகுதியின் தலைப்பில் மட்டும், இந்தப் பகுதி தத்துவஞானியாகிய தம் மகள் ஹைபேஷியா செப்பம் செய்தது என்று குறித்திருக்கிறார். தந்தை மகளைப் பற்றி எழுதும்போது மகள் என்பதோடு நில்லாமல், அவளுக்குரிய பட்டத்தையும் சேர்த்தே எழுதியது கவனிக்கத்தக்கது.

அவளிடம் பயின்றவர்களுள் ஸைரீன் நாட்டுச் சினேசியஸ் ஒருவர். பிற்காலத்தில் அவர் டாலமைஸ் நகரத்துக் கிறிஸ்தவ மேற்றிராணியார் ஆனார். ஆயினும் கிறிஸ்தவம் தழுவாத தம் ஆசிரியைக்குக் கடிதம் எழுதுவதை விடவில்லை. அவற்றுள் ஏழு இன்றும் கிடைக்கின்றன. ஒன்றில், நீரின் கனத்தை அளக்கும் கருவி ஒன்று செய்வித்து அனுப்புமாறு வேண்டுகிறார்: புல்லாங்குழலின் வடிவும் அளவும் கொண்ட ஓர் உருளை, அதன் நீளவாக்கில் நேர்கோட்டில் வெட்டிய கோடுகள், குழல் நீரில் நிமிர்ந்து மிதக்கும் பொருட்டு ஒரு முனையில் கூம்பு வடிவான கனம் என்று, கொல்லனுக்குச் சொல்வதுபோல் ஒவ்வோர் அங்கத்தையும் விவரிக்கிறார். மற்றொரு கடிதத்தை அவர் எழுதவில்லை, நோய்ப்படுக்கையில் கிடந்தபடி சொல்லி எழுதுவித்தார். பிள்ளைகளைப் பறிகொடுத்த துயரத்தினிடையே, அவளைத் தாய் என்றும் சகோதரி என்றும் ஆசிரியை என்றும் அதில் அழைக்கிறார்.

அந்தக் காலத்து அலெக்ஸாந்திரியாவில் எகிப்தின் ரோமானிய ஆளுநனாகிய ஒரெஸ்டிஸுக்கும், 412ஆம் ஆண்டில் மேற்றிராணியார் பதவி ஏற்ற ஸிரிலுக்கும் பகை மூண்டிருந்தது. இருவரும் இணங்காதபடி தடுப்பவள் இந்தப் பெண்தான் என்ற வதந்தி மக்களிடையே பரவிற்று. 415ஆம் ஆண்டு மார்ச் மாதம், தவக்கால நோன்பு நாள்களில், தேவாலயத்தில் வேதம் வாசிக்கும் பணியிலிருந்த பீட்டர் என்பவன் தலைமையில் திரண்ட கும்பல் அவளை வண்டியிலிருந்து இழுத்து, சிசேரியம் என்ற கோயிலுக்குள் கொண்டுபோய், ஓட்டுச் சில்லுகளால் கொன்று, உடலைச் சிதைத்து எரித்தது. இதைச் சொல்பவர் பகைவர் எவரும் அல்லர். கிறிஸ்தவ சபையின் சரித்திரத்தை எழுதிய ஸோக்ரதர் என்னும் கிறிஸ்தவரே சொல்கிறார். சொல்லிவிட்டு, இச்செயலால் ஸிரிலுக்கும் அலெக்ஸாந்திரியச் சபைக்கும் நேர்ந்த பழி சிறியதன்று என்றும், கொலையும் கலகமும் கிறிஸ்துவின் நெறியைச் சேர்ந்தவை அல்ல என்றும் தீர்ப்பு வழங்குகிறார்.

இனி இதே பெயரின் ஆண்பால் வடிவத்தைப் பார்ப்போம். சின்ன ஆசியாவின் கங்க்ரா நகரில் ஹைபேஷியுஸ் என்ற மேற்றிராணியார் நான்காம் நூற்றாண்டில் இருந்தார். 325ஆம் ஆண்டில் நைஸீயாவில் கூடிய மகாசபையில் அவர் அமர்ந்திருந்தார் என்பதும், மாற்றுக் கொள்கையினரான நொவேஷியர் வழிமறித்துக் கல்லாலும் ஆயுதங்களாலும் தாக்கிச் சேற்றில் தள்ளிக் கொன்றனர் என்பதும் சபையின் ஐதிகம். அவரைச் சபை புனிதராக ஏற்றது, திருநாள் வகுத்தது. கிரேக்க சபையோடு சேர்ந்து இப்பெயரும் ருஷியாவுக்குச் சென்றது. 1613ஆம் ஆண்டில் மிஹையில் ரோமனோவ் அரசுரிமையை ஏற்ற இடம் கொஸ்ட்ரோமா நகரத்து இபாத்யேவ் மடம். 1918ஆம் ஆண்டு ஜூலையில் அவ்வமிசத்தின் கடைசி மன்னரும் குடும்பத்தாரும் சுட்டுக் கொல்லப்பட்ட இடம், எகாடெரின்பர்க்கில் இபாத்யேவ் என்னும் பொறியாளருக்குச் சொந்தமாயிருந்த இல்லம். மடத்துக்கும் வீட்டுக்கும் பெயர் தருமளவு ஆண்பெயர் ஊன்றிவிட்டது. பெண்பெயரோ நூலேடுகளில் ஒதுங்கியது. பெயர் ஒன்று, பொருள் ஒன்று, வெறி கொண்ட கும்பலின் கையில் நேர்ந்த மரணமும் ஏறத்தாழ ஒன்று. வேற்றுமை, கொன்றவர் யார், நினைவைக் காப்பவர் யார் என்பதில் இருந்தது.

கிரேக்கக் குடும்பங்களின் சம்பிரதாயம் இந்த வேற்றுமையை நூற்றாண்டுக் கணக்கில் வலுப்படுத்தியது. குழந்தைக்குப் பாட்டன் பாட்டி பெயரை இடுவது அங்கே வழக்கம். அந்தப் பாட்டன் பாட்டியின் பெயரோ ஒரு புனிதரின் பெயராக இருக்கும். பிறந்த நாளைக் காட்டிலும் அப்புனிதரின் திருநாளே வீட்டில் சிறப்பாகக் கொண்டாடப்படும். புனிதர் இல்லாத பெயர் இந்தச் சுழற்சிக்குள் எளிதில் புக முடிவதில்லை. அதே அலெக்ஸாந்திரியாவில், ஐம்பது பண்டிதர்களை வாதில் வென்று உயிர்த்தியாகம் செய்த கன்னிகையாகச் சபை போற்றும் கேத்தரினின் பெயர் கிரேக்கப் பெண்களிடையே மிகப் பெருவழக்காய் இருக்கிறது. கல்வி, கன்னிமை, வாது, கொடுங்கொலை என எல்லாம் ஒத்திருப்பதைக் கண்ட அறிஞர் சிலர், கேத்தரினின் சரிதத்தில் ஹைபேஷியாவின் சாயல் படிந்திருக்கலாம் என்று கருதுகின்றனர். அது மெய்யானால், கொல்லப்பட்ட பெண்ணின் உருவத்தைச் சமூகம் வைத்துக்கொண்டு பெயரை மட்டும் கைவிட்டது என்றாகிறது.

பழம்பெயர்கள் திரும்பிவரத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். துருக்கியர் ஆட்சிக்குட்பட்டிருந்த கிடோனியஸ் நகரத்துக் கல்லூரி மாணவர், 1817ஆம் ஆண்டில் தம்முள் உடன்படிக்கை செய்துகொண்டு பண்டைக் கிரேக்கப் பெயர்களைச் சூடினர். 1819ஆம் ஆண்டில் கான்ஸ்டாண்டிநோபிளின் பெரிய குரு ஐந்தாம் கிரிகோரி, ஞானஸ்நானம் பெறும் குழந்தைகளுக்கு இத்தகைய பெயரிடுவதைக் கண்டித்துச் சுற்றறிக்கை விடுத்தார். அவருடைய அச்சம் புரிகிறது. பெயரோடு பழைய தேவதைகளும் வீட்டுக்குள் வந்துவிடக்கூடும் என்று அவர் நினைத்திருக்கலாம். ஆனால் அவர் தலைமை தாங்கிய சபையின் பஞ்சாங்கமே அந்த அச்சத்துக்கு மறுப்பாக இருந்தது. தயோனீசியஸ் என்பது மதுத் தேவனாகிய தயோனீசஸின் பெயரில் பிறந்தது. டிமீட்ரியஸ் என்பது பயிர்த் தேவி டிமீட்டருடையது. இஸிடோர் என்பது எகிப்தியத் தேவி ஐஸிஸ் அளித்த கொடை. பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் புகழ்ந்துரைக்கும் பெபேயாளின் பெயர், அப்போலோவின் பாட்டியாகிய தேவிக்கு உரியது. இப்பெயர்களுக்குரிய புனிதர் எவரும் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. தாங்கிய பெயரைத் தம் வாழ்வினாலேயே புனிதப்படுத்தினர்.

எனவே, பொருளால் ஒரு பெயர் தூயதாவதும் இல்லை, தீட்டாவதும் இல்லை. இவ்வளவில் கிராட்டிலஸ் தோற்றான். ஆயின் ஊரார் உடன்பாடே முழுக் காரணம் என்று ஹெர்மோஜெனிஸின் பக்கம் தீர்ப்புச் சொல்வதற்கும் தடை இருக்கிறது. ஊர் ஒப்பாத பெயரை ஒரு தனி மனிதன் எடுத்தாண்டதும் உண்டு. இலண்டனில் நாத்திகப் பிரசாரகராய் விளங்கிய சார்ல்ஸ் பிராட்லா, 1858இல் பிறந்த தம் மகளுக்கு ஹைபேஷியா என்று பெயர் சூட்டினார். அம்மகள் தந்தையின் வாழ்க்கை வரலாற்றை எழுதி, பகுத்தறிவுக் கொள்கைக்கே உழைத்து, 1935இல் மறைந்தார். பிராட்லாவின் தோழியாயிருந்து பின்னர்ச் சென்னை அடையாற்றில் குடியேறிய அன்னி பெஸண்ட் அம்மையாரை, ஹைபேஷியாவின் மறுபிறவி என்றே தியாசபி சங்கத்தார் நம்பினர். ஒரு பெயரை நாத்திகர் தமக்கென்று வைத்துக்கொள்ள, மறுபிறவியில் நம்பிக்கையுள்ளோர் தம் தலைவிக்கே உரிமையாக்கிக்கொண்டது விந்தைதான். ஆயினும் இரு சாராரும் தேடியது ஒன்றையே. அறிவுக்காக உயிர் நீத்தவளின் நினைவு தங்களிடையே உடலோடு நடமாட வேண்டும் என்பதே அது. உடன்பாடு என்பதும் இப்படி யாரோ ஒருவர் துணிந்து தொடங்க, மற்றவர் பின்பற்றுவதனால் உண்டாவதுதான்.

கிரேக்க சபை தனக்குள்ளேயே ஒரு வழியைத் திறந்துவைத்திருக்கிறது. பெந்தெகொஸ்தேக்கு அடுத்த ஞாயிறு சகல புனிதரின் ஞாயிறு; தமக்கெனப் புனிதர் இல்லாத பெயருடையோர் அன்று தம் பெயர்த் திருநாளைக் கொண்டாடுகின்றனர். பஞ்சாங்கத்தில் ஏறிய பெயர்களோடு ஆண்டவன் அறிந்த நல்லோர் தொகை முடிந்துவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்ளும் நாள் அது. ஆதலால் ஹைபேஷியா என்ற பெயர் அரிதாயிருப்பது அவளுடைய தகுதிக் குறைவைக் காட்டுவதாகாது. தன் கையால் நேர்ந்த கொலையை நினைவுகூரச் சமூகம் கூசியதையே அது காட்டுகிறது. தன்னவரால் கொல்லப்பட்டவரை மதிக்கத் தெரியாத சமயம் தன் தியாகிகளை மதிக்கும் உரிமையையும் பாதி இழந்துவிடுகிறது. இப்பெயரோடு ஒரு குழந்தையை ஞானஸ்நானத் தொட்டிக்குக் கொண்டுவரும்போது தடை சொல்ல எழும் குருவானவர், அவளைத் தாயென்றும் ஆசிரியையென்றும் அழைத்த மேற்றிராணியார் சினேசியஸுக்கு முதலில் விடை கூறட்டும்.