தலைமை வைத்தியர்

நாடி பார்க்கும் கையை ஆராய்ச்சிக்கும் நிர்வாகத்துக்கும் இழுப்பது முறையாகுமா? பிணியாளரின் உரிமையன்றோ அங்கே குறைகிறது என்பர் சிலர். எளிதில் தள்ளத்தக்க கேள்வியன்று இது.

இப்னு நஃபீஸை எண்ணிப் பார்ப்போம். திமிஷ்கின் நூரி மருத்துவசாலையில் பயின்றவர்; காஹிராவில் ஷாஃபிஈ சட்டமும் போதித்தவர். இதயத்தின் நடுச்சுவரிலுள்ள நுண்துளைகள் வழியே குருதி கடக்கிறது என்று ஜாலீனூஸ் எழுதியதை வைத்தியருலகம் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் நம்பியிருந்தது. துளையே இல்லை, குருதி நுரையீரல் வழியாகவே செல்கிறது என்று 1242-இல், இளமையிலேயே, இவர் மறுத்தெழுதினார். அவரே பின்னர் எகிப்தின் தலைமை வைத்தியரானார்.

பிற வைத்தியரின் தகுதியை எடைபோடும் ஆசனத்துக்கு இத்துணிவு வேண்டாமா? கிதாபை மனனம் செய்தவரை மட்டும் அங்கே அமர்த்தினால், பிழையின் விலையைப் பிணியாளரே கொடுப்பர். (கணக்கேடு மட்டும் அறிந்தவரை அமர்த்துவதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.) ஆகவே, படுக்கையருகே குறையும் சில நாழிகைகளை நாம் இழப்பெனக் கருதவில்லை. ஆயினும் நோயாளியை அவர் முற்றிலும் துறந்துவிடலாகாது. துறந்தவர் எதைக் கொண்டு சோதிப்பார்?

இப்னு நஃபீஸ் 1288-இல் மறைந்தார். தம் வீட்டையும் நூல்களையும், சுல்தான் கலாவூன் 1284-இல் எழுப்பிய மன்சூரி மருத்துவசாலைக்கே விட்டுச் சென்றார்.