மந்தைவெளியில் ஒரு பொறம்போக்கு

போன ஞாயிறு எங்கள் ஃப்ளாட் மீட்டிங்கில் ஒரே விஷயம்தான். கேட்டுக்கு வெளியே, மரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவரை அப்புறப்படுத்துவது. ''அந்தப் பொறம்போக்கு கேட்டையே மறைக்குது சார்'' என்றார் செக்ரட்டரி. வண்டியைச் சொன்னாரா, ஆளைச் சொன்னாரா? ரெண்டையும்தான் என்று நினைக்கிறேன்.

மெட்ராஸ் வசவுகள் பலதுக்கும் பெரிய இடத்து சம்பந்தம் உண்டு. 'கஸ்மாலம்', பகவத் கீதையிலேயே வருகிற சம்ஸ்கிருதச் சொல். 'பேமானி' உருது வழியாக வந்தது. ஈமான், அதாவது நேர்மை, இல்லாதவன். இவையெல்லாம் பிறக்கும்போதே கொஞ்சம் கறையோடு பிறந்தவை. புறம்போக்கு அப்படியில்லை. அது பாவம், தாசில்தார் ஆபீஸ் வார்த்தை. வரி விதிக்கிற நிலத்துக்குப் புறம்பாக ஒதுக்கியது. ஏரி, ஓடை, வண்டிப்பாதை, சுடுகாடு... யார் பெயரிலும் பட்டா கிடையாது, ஊருக்கே பொது.

நான் பி.காம். வருமானம் தராத நிலம் கணக்குப்பிள்ளை கண்ணுக்கு வேஸ்ட்டாகத் தெரிவது எனக்குப் புரிகிறது. அதில் குடிசை போட்டவனும் எப்படி வேஸ்ட் ஆனான்?

மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் 1920-களில் தி.நகர் எழும்பியது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைத் தரிசு என்று சொல்லிச் சொல்லியே குப்பை கொட்டினோம். 2015 டிசம்பரில் அடையாற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோதுதான் தரிசின் அருமை தெரிந்தது. அதே பள்ளிக்கரணைக்கு 2022-ல் ராம்சர் அந்தஸ்து! எண்ணூர்க் கழிமுகத்துக்காக 2017-ல் டி.எம்.கிருஷ்ணா 'சென்னை பொறம்போக்கு பாடல்' பாடினார். கச்சேரிக் குரலில் அந்த வார்த்தையைக் கேட்டு மயிலாப்பூர் மாமாக்கள் சிலர் நெளிந்திருப்பார்கள்.

அது கிடக்கட்டும். நாங்கள் குடியிருப்பது மந்தைவெளி. பெயரைப் பிரித்துப் பாருங்கள், மாட்டு மந்தைக்கான வெளி. வருவாய்த்துறைக் கணக்கில் 'மந்தைவெளிப் புறம்போக்கு' என்று ஒரு இனமே உண்டு. மீட்டிங்கில் இதைச் சொன்னேன். ''நம்மகிட்ட பட்டா இருக்கே சார்'' என்றார் செக்ரட்டரி. இருக்கிறதுதான். காரை ரிவர்ஸ் எடுக்க அந்த வண்டி எனக்கும் இடைஞ்சல்தான்.

கையெழுத்துக் கேட்டு பேப்பர் வந்திருக்கிறது. பதினோரு பேர் போட்டுவிட்டார்கள். டீப்பாய் மேல் கிடக்கிறது. என் சட்டைகள் நாலு அந்த வண்டியில் இருக்கின்றன. நாளைக் காலை போய் வாங்க வேண்டும்.