வேடம் கலைத்த ஆசிரியர்

தவக்காலம் பிறந்துவிட்டால் பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துக் கத்தோலிக்கச் சிற்றூர்கள் சிலவற்றில் பாஸ்கு ஒத்திகை தொடங்கிவிடும். பகலெல்லாம் பருத்திக் காட்டிலும் சிமெண்டு ஆலையிலும் உழைத்த கைகள் இரவில் பிலாத்துவின் கைகளாகவும் பேதுருவின் கைகளாகவும் மாறும். ஒத்திகையை நடத்துபவரோ மேடையேறுவதில்லை. திரைக்குப் பின்னால் நின்று, மறந்த அடியை எடுத்துக்கொடுப்பதோடு அவர் பணி முடிந்துவிடுகிறது. ஆயினும் மேடையில் ஒலிக்கும் குரல் ஒவ்வொன்றிலும் அவருடைய சாயல் படிந்திருக்கும். ஒரு மனிதரை இன்னொருவர் இவ்வாறு வடிவமைக்கும் அதிகாரம் எத்தகையது? அதற்கு எல்லை உண்டா? பங்குப் பணியில் பாஸ்கு நடத்திய ஆண்டுகளில் நம்மை விடாது தொடர்ந்து வரும் வினா இது. இதனைச் சிந்திக்கும்போதெல்லாம் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளின் வாழ்வு நம் கண்முன் வந்து நிற்கிறது.

திருச்சி, புதுக்கோட்டைச் சீமையிலிருந்து நம் ஊர்த் திருவிழாக்களுக்கு வரும் குழுக்கள் விடிய விடிய நடத்தும் 'வள்ளி திருமணம்' அவர் இயற்றியதே. பார்த்து மகிழ்வோரில் பலர் அவர் பெயரை அறியார். 1867இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த அவர், பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றார். சிறிது காலம் உப்பளத்தில் கணக்கராகப் பணியாற்றினார். பின்னர் நாடக மேடையை வாழ்வாக ஏற்றார். மணம் புரியவில்லை. சொத்தும் சேர்க்கவில்லை. நாற்பதுக்குக் குறையாத நாடகங்களும், அவரிடம் பயின்ற மாணவர் கூட்டமுமே அவர் விட்டுச்சென்ற செல்வம்.

தொடக்கத்தில் அவர் பெரும் நடிகர். எமன், சனீஸ்வரன், இரணியன் போன்ற அச்சமூட்டும் வேடங்களில் அவருக்கு நிகரில்லை என்பர். அந்த ஆற்றலே அவரை மேடையிலிருந்து இறக்கியதாக நாடக உலகில் ஒரு செய்தி வழங்குகிறது. வேடத்தைக் கலைக்க விடியற்காலையில் நீர்நிலைக்குச் சென்ற அவரைச் சனீஸ்வரக் கோலத்தில் கண்ட பெண்ணொருத்தி அதிர்ச்சியில் உயிர்நீத்தாள் என்பர் சிலர். அவர் நடிப்பைக் கண்டு நடுங்கிய கர்ப்பிணி ஒருத்திக்குக் கரு கலைந்தது என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், அதன்பின் அவர் வேடம் புனைவதை விட்டொழித்து, ஆசிரியராக மட்டும் நிலைத்தார் என்பதே வழிவழியாகச் சொல்லப்படுவது.

அறநெறி இறையியலில் ஒரு செயலை எடைபோட மூன்றைக் கருதுமாறு நமக்குக் கற்பித்தார்கள்: செயல், நோக்கம், சூழ்நிலை. இந்த அளவுகோலின்படி அவர்மேல் குற்றமில்லை. நடிப்பது தீய செயலன்று. எவரையும் துன்புறுத்த அவர் எண்ணவுமில்லை. சட்டமும் அவரை விடுவிக்கும். ஒப்புரவுத் தொட்டியில் அமர்ந்திருக்கும் குருவும் விடுவிப்பார். ஆனால் அவர் தம்மைத் தாமே விடுவித்துக்கொள்ளவில்லை. 'நான் எண்ணவில்லை' என்பது உண்மையாயினும், அந்தச் சொல் ஓர் உயிருக்கு ஈடாகாது என்று அவர் மனச்சான்று கண்டது. தம் ஆற்றல் பிறர்மேல் என்ன செய்கிறது என்பதற்குத் தாமே பொறுப்பு என ஏற்ற அந்த மனச்சான்று வணங்கத்தக்கது.

இங்கேதான் கடினமான வினா எழுகிறது. வளர்ந்த நடிகர்களின் கட்டுப்பாடின்மையைக் கண்டு சலித்த சுவாமிகள் சிறுவர்களைப் பயிற்றுவிக்கத் தலைப்பட்டார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றியது. அக்காலத்துப் பாலர் சபைகளுக்குப் பிள்ளைகளை அனுப்பியது பெரும்பாலும் வறுமையே. ஆறு, ஏழு வயதில் தாய்மடியைப் பிரிந்து, ஊர் ஊராகச் சென்று, விடியுமுன் எழுந்து பாடம் ஒப்பித்தார்கள். பிரம்பு பல சபைகளில் அன்றாடப் பொருள். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், நேற்றுவரை நாயகியாக நின்ற சிறுவனுக்கு இன்று வேடமில்லை. அந்த மரபிலிருந்துதான் எம்.ஜி.ஆர்., சிவாஜி போன்றோர் எழுந்தனர். எழ முடியாமல் போனவர்களின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை.

எண்ணாமல் நேர்ந்த தீங்கு நம்மை நடுங்கச் செய்கிறது. 'உன் நன்மைக்கே' என்று சொல்லிச் செய்யும் தீங்கோ நம் கண்ணில் படுவதேயில்லை. ஆசிரியரும் பெற்றோரும் குருக்களும் அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இதுவே.

பிறரைச் சொல்லுமுன் நம்மைச் சொல்லவேண்டும். பல்லாண்டுகளுக்கு முன் ஒரு பங்கில் பாஸ்கு ஒத்திகையின்போது, தலைமைக்குருவின் ஊழியனாக நடித்த சிறுவன் ஒருவன் வசனத்தை மீண்டும் மீண்டும் மறந்தான். ஊரார் சூழ்ந்திருக்க அவனைக் கடிந்துகொண்டோம். மறுநாள் அவன் வரவில்லை. அதன்பின் எந்த மேடைக்கும் வரவில்லை. நாடகம் நன்றாகவே நடந்தது. பாராட்டும் கிடைத்தது. நெடுங்காலம் கழித்து, அவன் தன் மகனைக் கைப்பிடித்து நம்மிடம் அழைத்து வந்தான். "சாமி, இவனுக்கு நடிக்கணும்னு ஆசை. வசனம் மறந்துட்டா எல்லார் முன்னாலயும் சொல்லாதீங்க. தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க" என்றான். அவன் குரலில் கோபமில்லை. நம்மிடம் மறுமொழியும் இல்லை.

சுவாமிகளும் கண்டிப்பு மிக்கவரே. எனினும் அவர் வாழ்வின் ஓர் இரவு நமக்கு வழிகாட்டுகிறது. அவரிடம் பயின்ற தி. க. சண்முகம் அப்போது சிறு பாலகர். அவருக்கு ஏற்றதாக ஒரு நாடகம் வேண்டும் எனக் கருதிய சுவாமிகள், விளக்கொளியில் ஒரே இரவில் 'அபிமன்யு சுந்தரி' முழுவதையும் எழுதி முடித்தார் என்று அந்த மாணவரே பிற்காலத்தில் வியந்து பதிவு செய்துள்ளார். பாத்திரத்திற்குள் பிள்ளையைத் திணிப்பது பயிற்சியாளரின் வழி. பிள்ளையை உற்றுநோக்கி, அவனுக்கேற்ற பாத்திரத்தைத் தாமே கண்விழித்துப் படைப்பது ஆசிரியரின் வழி. உறக்கத்தை இழந்தவர் இங்கே பிள்ளையல்லர், ஆசிரியர். ஆசிரியரின் அதிகாரத்துக்கு எல்லை இதுவே என்று நமக்குத் தோன்றுகிறது: பாடத்தின் விலையை முதலில் செலுத்தவேண்டியவர் கற்பிப்பவரே.

இறுதிக் காலத்தில் பக்கவாதம் சுவாமிகளின் பேச்சைப் பறித்தது. ஆயிரமாயிரம் வரிகளைப் பிறர் நாவில் ஏற்றியவர் ஒரு சொல்லும் உரைக்க இயலாதவரானார். 1922 நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் மறைந்தார். அப்போதும் அவருடைய வசனங்களைச் சிறுவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். 1925இல் சண்முகம் சகோதரர்கள் தமக்கெனச் சபை கண்டு, ஆசான் நடக்காத புதிய பாதைகளிலும் நடந்தார்கள். அதே சண்முகம் ஆசானைப் போற்றி நூலும் எழுதினார். விலகி நடக்கும் உரிமையும் திரும்பி வணங்கும் அன்பும் ஒரே மாணவரிடம் இருக்குமானால், அந்த ஆசிரியரின் வாழ்வு வீண்போகவில்லை.

இவ்வாண்டும் ஒத்திகைகள் நடக்கும். எங்கோ ஒரு சிறுவன் வசனத்தை மறந்து விழிப்பான். ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த ஒரு நொடியில் நம் வாயிலிருந்து வரும் சொல், நாடகம் முடிந்து பந்தல் பிரித்த பின்னும் அவனோடு வாழும்.