வாயில்லா ஜீவனும் நம்முடைய இரக்கமும்

தீராத வியாதியில் கிடக்கும் கழுதைக்கு ஊசி போட்டு முடித்துவிடுவது இரக்கமா, கொலையா?

கழுதை வலியைக் காட்டிக்கொள்ளாது. வயிற்றுவலி வந்த குதிரை உருண்டு புரளும். கழுதையோ தலையைத் தொங்கப்போட்டுச் சும்மா நிற்கும். "ரெண்டு நாளா தின்னல, சரியாப் போயிடும்" என்று விட்டுவிடாதீர்கள். இரை எடுக்காத கழுதைக்கு உடம்புக் கொழுப்பு இரத்தத்தில் கலந்து, ஈரலைக் கெடுத்து, உயிரையே எடுத்துவிடும். உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

குணமாகும் என்று அவர் சொன்னால் கூடுமானவரை வைத்தியம் பாருங்கள். இனி பாரம் சுமக்காது என்பதற்காகக் கொல்லுவது இரக்கமல்ல, அது வெறும் லாபக் கணக்கு. ஆனால் குளம்பு நோய் முற்றி, எழும்ப முடியாமல், மருந்துக்கும் வலி அடங்காமல் கிடந்தால்? "தானா போகட்டும்" என்று நாட்களைக் கடத்துவது யாருக்காக? அதற்காகவா, நம் மனசு நோகாமல் இருக்கவா?

பகைஞனுடைய கழுதை சுமையின்கீழ் விழுந்து கிடந்தாலும் கைகொடுக்கச் சொல்லுகிறது யாத்திராகமம் 23-ம் அதிகாரம். வேதனையும் ஒரு சுமைதானே! உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்றாகிவிட்ட மிருகத்தின் வேதனையை முடிக்க, இந்தியாவின் 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டமும் இடங்கொடுக்கிறது.

கூடத் திரிந்த ஜோடிக் கழுதை இருந்தால், செத்ததைக் கொஞ்சநேரம் முகர்ந்து பார்க்க விடுங்கள். இல்லாவிட்டால் அது தேடித் தேடி, இரை எடுக்காமல் தானும் நோயில் விழும்.

ஜெபியுங்கள், மருத்துவரைக் கேளுங்கள். பிறகு, சுமையை இறக்கிவிடப் பயப்படாதீர்கள்.