தொழுவத்தில் பிறந்தவர் பெயரில் ஓர் ஊர்

கலிபோர்னியாவில் நான் குடியிருக்கும் கூபர்டினோவை ஆப்பிள் நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஊர் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். அது ஒரு புனிதரின் ஊர்ப்பெயர் என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது. 1603-இல் தெற்கு இத்தாலியின் கோப்பெர்த்தினோவில் பிறந்த சூசையப்பர் அவர். தகப்பன் தச்சுவேலைக்காரர், கடனில் மூழ்கிப்போனார். வீடு கைவிட்டுப் போக, தாய் தொழுவத்தில் பிள்ளை பெற்றாள். 1776-இல் இவ்வழியே வந்த ஸ்பானியர்கள் ஓர் ஓடைக்கு அவர் பெயரைச் சூட்ட, பிற்பாடு அது ஊருக்கும் ஒட்டிக்கொண்டது. பரீட்சை எழுதுகிறவர்களுக்கு அவர்தான் பாதுகாவலர். நல்ல பள்ளிக்கூடத்துக்காகவே இருபது லட்சம் டாலருக்கும் மேல் கொட்டி வீடு வாங்குகிற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான புனிதர் அமைய மாட்டார். அவர் வீடிழந்த குடும்பத்துப் பிள்ளை என்பது மட்டும் யார் நினைவிலும் இல்லை.

நான் தூத்துக்குடிக்காரன், ஞாயிறு பூசை தவறாதவன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நகராட்சியின் வீட்டுவசதி ஆலோசனைக் குழு கூடும்போது அவ்வப்போது போய் உட்காருகிறேன். "அங்க போய் என்னத்தக் கண்டீங்க?" என்பாள் மனைவி. அவள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. நகர்மன்றம் நியமித்த ஐந்து பேர். கையில் காகிதக் கட்டு. கட்டடம் எழுப்புகிறவர்கள் செலுத்தும் கட்டணத்தில் சேரும் நிதியும் மத்திய அரசின் சமூக மேம்பாட்டு மானியமும் எந்தத் தொண்டு நிறுவனத்துக்கு எவ்வளவு போகலாம் என்று விண்ணப்பங்களைப் படித்துப் பரிந்துரைப்பார்கள். மானியத்தில் சேவைகளுக்கு 15 சதவீதத்துக்கு மேல் ஒதுக்கக் கூடாது. உணவு, சட்ட உதவி, முதியோர் பராமரிப்பு எல்லாம் அந்தத் துண்டுக்குள்தான் முட்டி மோத வேண்டும். ஒருமுறை, வயதானவர்களின் குளியலறைச் சுவரில் கைப்பிடி பொருத்தித் தரும் திட்டத்துக்காக ஒரு பெண்மணி பேசினார். கைப்பிடிக்கு என்ன விலை, எத்தனை வருஷம் தாங்கும் என்று உறுப்பினர் ஒருவர் கேட்டுக் குறித்துக்கொண்டார். அவ்வளவுதான் நாடகம். கடைசியில் இவர்கள் சொல்வதை நகர்மன்றம் ஏற்கலாம், தள்ளலாம்.

ஆனால் கட்டுபடியாகும் வாடகை என்ற பேச்சு வந்துவிட்டால் மண்டபம் சூடாகிவிடும். 2023 முதல் 2031 வரை இந்த ஊர் 4,588 வீடுகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்பது கணக்கு; அதில் 1,193 மிகக் குறைந்த வருமானக்காரர்களுக்கு. மூன்று நிமிடம் பேசலாம் என்று ஒலிவாங்கியைக் கொடுத்தால், அநேகமாக ஒரே கேள்விதான் வரும்: நாங்கள் உழைத்துச் சம்பாதித்து வாங்கினோம், இவர்களுக்கு மட்டும் ஏன் சலுகை? கேட்கிறவர்களில் நம்மவர்களும் உண்டு. தவணை கட்டிக் கட்டித் தேய்ந்தவர்களின் கேள்வி அது. அற்பம் என்று தள்ளிவிட முடியாது.

அதற்கு என் திருச்சபையில் பழைய பதில் ஒன்று உண்டு. இறையியலாளர் அக்குவினா தோமையார் சொத்து வைத்துக்கொள்ளத் தடை சொல்லவில்லை. வைத்திருப்பது உன்னுடையதாக இருக்கலாம், பயன்பாடு பொதுவுக்கானது என்றார். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1987-இல் எழுதிய சுற்றுமடலில், தனிச்சொத்தின் மீது சமூகத்தின் அடமானம் இருக்கிறது என்றார். வங்கிக் கடனில் வீடு வாங்கியவனுக்கு இது உடனே புரிய வேண்டும்.

என் வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். விலை பல மடங்கு ஏறியிருக்கிறது. அதற்கு நான் என்ன செய்தேன்? கூரையை மாற்றினேன், ஓர் எலுமிச்சை நட்டேன். விலையை ஏற்றியது சுற்றிலும் வந்த கம்பெனிகள், பள்ளிக்கூடங்கள், புது வீடு வேண்டாம் என்று அக்கம்பக்கத்தார் போட்ட தடைகள். அதோடு, 1978-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த பதின்மூன்றாம் முன்மொழிவின்படி, வீடு கைமாறாத வரை வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. பக்கத்தில் அதே அளவு வீட்டைப் புதிதாக வாங்கிய இளம் தம்பதி என்னைப்போல் பல மடங்கு வரி கட்டுகிறார்கள். எனக்கு அந்தச் சலுகைக்குத் தகுதி உண்டா என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் எழுந்து கேட்டதில்லை. அலுவலகம் பெருக்குகிற அம்மாவுக்குக் கிடைத்தால் தர்மம், எனக்குக் கிடைத்தால் உரிமை. இந்தக் கணக்கு எந்த வேதத்திலும் கிடையாது.

அதிகாரமில்லாத குழு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் விவிலியத்தில் வரும் இறைவாக்கினர் நாத்தானைக் காட்டுவேன். தாவீது அரசனை எதிர்த்து நிற்க அவரிடம் படையா இருந்தது? ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பறித்துக்கொண்டதாக ஒரு கதை சொன்னார். அரசன் தன் வாயாலேயே தனக்கான தீர்ப்பை உளறினான். எல்லா மன்றமும் தாவீதைப்போல் மனம் வருந்தாதுதான். ஆனாலும் யாருக்கு என்ன தேவை என்பது எழுத்தில் பதிவான பிறகு, தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. 2019-இல் ஸ்டீவன்ஸ் கிரீக் சாலையில் திறந்த 'வெராண்டா' என்னும் முதியோர் குடியிருப்பில் இருப்பது 19 வீடுகள்தான். நகரத்தின் நிதியும் சேர்ந்துதான் அது எழும்பியது. 1,193-க்கு முன்னால் 19 சொற்பம். அந்த வீடுகளில் இருக்கும் முதியவர்களுக்குச் சொற்பமில்லை.

2024 முதல் கலிபோர்னியாவில் இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. கோயிலோ, மசூதியோ, தேவாலயமோ தனக்குச் சொந்தமான நிலத்தில் குறைந்த வாடகை வீடுகள் கட்ட முன்வந்தால், சட்டத்தின் விதிகளுக்கு உட்பட்டிருக்கும் வரை, உள்ளாட்சி மன்றங்கள் தம் விருப்பப்படி மறுக்க முடியாது. இங்கே வாழும் தமிழர்களிடம் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஆறு நாள் காலியாகக் கிடக்கும் உங்கள் வழிபாட்டிடத்தின் வாகன நிறுத்தத்தைப் பற்றி அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் எங்கள் பங்குத் தேவாலயத்தில் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.