வரியும் மனச்சாட்சியும்

படையிற் சேராதவன், துப்பாக்கியைத் தொட்டறியாதவன், போரில் நிகழும் கொலைக்குப் பொறுப்பாளி ஆவானா? அத்துப்பாக்கியை வாங்குவதற்கு அவன் வரி செலுத்தியிருப்பின்? இவ்வினாவை ஏட்டளவில் நிறுத்தாது வாழ்க்கையில் எதிர்கொண்டவர்கள், பிரித்தானியக் குடியேற்றநாடாயிருந்த பென்சில்வேனியாவின் குவேக்கர் சிலர்.

போரைப் பாவமென விலக்கிய இக்கிறித்தவப் பிரிவினரே அந்நாட்டுச் சட்டசபையில் நெடுங்காலம் பெரும்பான்மையினராக இருந்தனர். போருக்குப் பணம் கேட்கப்பட்டபோதெல்லாம் 'முடியின் உபயோகத்துக்கு' என்று பெயரிட்டு வழங்கிவிட்டு, அது செலவாகும் வழியைப் பாராதிருந்தனர். ஒருமுறை கோதுமையோடு 'பிற தானியம்' வாங்கவும் பணம் ஒதுக்கினார்களாம். ஆளுநர் அச்சொல்லுக்கு வெடிமருந்து என்று பொருள்கொண்டாராம். பெஞ்சமின் பிராங்ளின் தமது சுயசரிதையில் நகைத்துக் கூறும் கதை இது. இத்தகைய 'தானியங்களை' நாமும் அறியாதவர்கள் அல்லர்.

1755இல் எல்லைப்புறத்திற் போர் மூண்டது. சபை 60,000 பவுண் வழங்கத் தீர்மானித்து, அதற்கென வரியும் விதித்தது. அவ்வாண்டு டிசெம்பரில் ஜோன் வுல்மன் என்னும் தையற்காரரும், அந்தனி பெனசெற் என்னும் ஆசிரியரும், வேறு பலரும் கூடி, துன்பம் நேரினும் இவ்வரியைச் செலுத்தலாகாது எனத் தம் சமயத்தவர்க்கு எழுதினர். முன்னோர் இங்கிலாந்தில் இத்தகைய வரிகளைச் செலுத்தினரே என்று மறுப்புரைத்தோர் பலர். அம்முன்னோர் ஒடுக்கப்பட்டவர்களாயிருந்தனர், நாமோ ஆட்சிப் பீடத்தில் இருக்கிறோம் என்பதை வுல்மன் சுட்டிக்காட்டினார். கூரிய விடை அது.

ஆயினும், மறுத்தவரின் உடைமைகளை அதிகாரிகள் பறிமுதல் செய்ய இயலும். அப்போதும் பணம் கருவூலத்தையே சேரும். பின் எதிர்ப்பின் பயன் யாது? தன் கை கறைபடாதிருந்தாற் போதும் என்பது மட்டுமே அவர்தம் நோக்காயின், அதனைப் பக்திமான்களின் தன்னலம் என்று நாம் ஒதுக்கிவிடலாம். அவ்வாறு ஒதுக்க நம்மால் இயலவில்லை. ஏனெனில், போர் எங்கிருந்து பிறந்தது என்ற கேள்வியும் அவர்களிடையே எழுந்தது.

அது நிலத்திலிருந்து பிறந்தது. 1737இல், அந்நாட்டை நிறுவிய வில்லியம் பென்னின் புதல்வர்கள், ஒரு மனிதன் ஒன்றரை நாளில் நடக்கும் தூரம்வரையுள்ள நிலம் தமக்குரியது எனப் பழைய பத்திரமொன்றைக் காட்டினர். முன்கூட்டியே பாதை செப்பனிடப்பட்டது. விரைந்தோட வல்ல மூவர் கூலிக்கு அமர்த்தப்பட்டனர். 'நடை' அறுபது மைலையும் கடந்தது! வெள்ளையர் டெலவெயர் என அழைத்த லெனாப்பே மக்கள் தம் தாயகத்தை இழந்தனர். இதை முன்னின்று நடத்திய ஜேம்ஸ் லோகனும் குவேக்கரே. பதினெட்டு ஆண்டுகளின் பின், அம்மக்கள் ஆயுதம் ஏந்தியபோதுதான் 'பாதுகாப்பு' வரி வந்தது.

வுல்மன் போரின் வேரைப் படைமுகாமிலன்றிச் செல்வர் வீட்டுத் தளபாடங்களிலும் ஆடைகளிலும் தேடினார். அடிமைகளின் உழைப்பில் விளைந்த சீனியைத் தவிர்த்தார். வரி மறுப்பை இவற்றினின்று பிரித்து நோக்குவோர் அவரை வெறும் துறவியாகவே காண்பர்.

1756 நவம்பரில், ஈஸ்டனில் நடந்த பேச்சுவார்த்தையில், ரீடியஸ்கங் என்னும் லெனாப்பேத் தலைவர் நில மோசடியை ஆளுநரின் முகத்துக்கு நேரே கூறினார். அம்முறைப்பாடு விசாரிக்கப்படவேண்டுமென விடாது வற்புறுத்தியவர்கள் அங்கு வந்திருந்த குவேக்கர்களே. விசாரணை 1762இல் நடைபெற்றது. நிலம் திரும்பக் கிடைக்கவில்லை.